குழம்புக் கூறு

போன ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் அந்தப் பெரிய அடுக்குமாடிக்குத் தண்ணீர்க் கேன் இறக்கப் போனேனே, அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தீர்கள். கார் நிறுத்துகிற இடத்தில் வரிசையாக மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, காய்கறி அடுக்கியிருந்தார்கள். மேலே 'உழவர் சந்தை' என்று ஒரு பேனர். உழவர் யாரும் என் கண்ணில் படவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் மேசையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் ஒரு முருங்கைக்காய், துண்டுகளாக நறுக்கியது. கூடவே கத்திரிக்காய், தக்காளி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை. மேலே கண்ணாடித் தாள் சுற்றி, 'சாம்பார் கிட்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

அதைக் கையில் எடுத்தவன் எடுத்தபடி நின்றுவிட்டேன். அந்தப் பெண் ஏதோ கேட்டிருக்கிறாள். என் இடது பக்கம் நின்று கேட்டதால் எனக்குச் சரியாக விழவில்லை. சின்னவன்தான் சட்டையை இழுத்து, "அப்பா, செக்யூரிட்டி நம்மளையே பாக்கறாரு" என்றான். தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியில் பெரியவள் கேட்டாள், "சாம்பார் காயப் பாத்து எதுக்குப்பா அழுவுற?" அழவில்லை கண்ணு. கத்திரிக்காய்க் காம்பின் வாசனை என்னை அப்படிச் செய்யும். முள்ளோடு பச்சையாக, கொஞ்சம் கசப்பாக ஒரு வாசனை. கண்ணாடித் தாளுக்குள்ளிருந்து எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது.

சொல்கிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன், கோவையாகச் சொல்ல வராது. அங்கே இங்கே போய்த்தான் வருவேன். இன்னொன்று, இதில் அடிதடி நிறைய இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்துக் கதை மாதிரி இருக்காது. என் இடது காது சின்ன வயதில் காய்ச்சலில் போனது என்று உங்களிடம் சொல்லிவைத்திருக்கிறோம். காய்ச்சல் இல்லை. கத்திரிக்காய்.

நாங்கள் அப்போது குமணன்சாவடிக்கு அந்தப் பக்கம், வாரியக் குடியிருப்பில் இருந்தோம். மாடி மாடியாகப் பெட்டி அடுக்கியதுபோல் வீடுகள். ஆயிரம் அடுப்பு எரிகிற இடத்தில் காய்கறிக்கு இருந்தது ஒரே ஆள், கோதண்டம். குடியிருப்பு வாசலில் அவருக்கு இரண்டு கடை. அவருக்குக் கட்டுப்பட்ட தள்ளுவண்டிகள் தவிர வேறு வண்டி உள்ளே வர முடியாது. வந்தால் டயர் கிழியும். ஒருமுறை தலையில் கீரைக்கூடை வைத்துக்கொண்டு வயதான ஒருத்தி தெரியாமல் வந்துவிட்டாள். கூடையை உதைத்தார்கள். அவள் குனிந்து கட்டுகளைப் பொறுக்கினாள். குனிந்த முதுகில் ஒருவன் உதைத்தான். நாங்கள் எல்லோரும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் அன்று மதியம் ரசம்.

கோதண்டம் கடையில் விற்பது முந்தாநாள் சரக்கு. தக்காளி தொட்டால் விரல் உள்ளே போகும். "நல்லதா பாத்துப் போடுண்ணே" என்று யாராவது கேட்டால், தேர்ந்தெடுத்த காயைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பவும் கூடையில் போட்டுவிடுவார். "கலெக்டர் ஊட்டுக்கா வாங்கற?" என்பார். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பல பேருக்குக் காய் என்றாலே உருளைக்கிழங்குதான். அது அழுகுவதற்குக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான் காரணம்.

அப்புறம்தான் சந்தை வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டி, எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தகரக் கூரை போட்ட கொட்டகை. விளைவிக்கிறவர்களே நேராகக் கொண்டுவந்து விற்கலாம். அட்டை வைத்திருக்கிற விவசாயிக்கு மட்டும்தான் இடம். தன் நிலத்தில் விளைந்ததை மட்டும்தான் விற்கவேண்டும். தராசும் எடைக்கற்களும் சந்தையிலேயே காலையில் ஒரு ஜன்னலில் கொடுப்பார்கள், மூடும்போது எண்ணித் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒரு கல் குறைந்தாலும் மறுநாள் தராசு கிடையாது. தராசு இல்லாவிட்டால் கடை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த பட்டறையை அந்த வருடம் மூடியிருந்தார்கள். கையிருப்பு எல்லாம் தீர்ந்து ஒரு மீன்பாடி வண்டியை வாடகைக்கு எடுத்தேன். மூன்று சக்கரம், முன்னால் பலகை, பழைய ஸ்கூட்டர் இன்ஜின். அது போடுகிற சத்தத்தில் தெரு நாயெல்லாம் எனக்குப் பழக்கம். விடியற்காலை முதல் பேருந்தில் செம்பரம்பாக்கம் பக்கத்து விவசாயிகள் மூட்டையோடு குமணன்சாவடியில் இறங்குவார்கள். அவர்களையும் மூட்டையையும் சந்தைக்குக் கொண்டுபோவது என் வேலை. அங்கேதான் கன்னியம்மாவைப் பார்த்தேன்.

கன்னியம்மாவுக்குச் சொந்த நிலம் இல்லை. ஏரிக்குக் கீழே குத்தகைக்கு எடுத்துக் கத்திரியும் கீரையும் போட்டிருந்தாள். கட்டையான உடம்பு, ஆண்பிள்ளைக் கை. மூட்டையை என்னைத் தூக்க விடமாட்டாள். "நீ தூக்கினா மூட்டை உன்னத் தூக்கிடும் நைனா, தள்ளு" என்பாள். வண்டி குலுங்கினால் என் பரம்பரையையே திட்டுவாள். அதில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதிப் பாதியை உங்கள் அம்மா இப்போதும் என்மீது உபயோகிக்கிறாள், கேட்டிருப்பீர்கள்.

சந்தை வந்தும் குடியிருப்புப் பெண்கள் முதலில் அங்கே வரவில்லை. ஏன் தெரியுமா? அங்கே எல்லாம் எடை. ஒருவர் கத்திரிக்காய் மட்டும் விற்பார், ஒருவர் முருங்கை மட்டும், ஒருவர் தக்காளி மட்டும். ஒவ்வொன்றிலும் கால் கிலோ வாங்கினால்கூட அன்றைய கைக்காசு பாதிக் குழம்பிலேயே தீர்ந்துவிடும். வாங்கி வைத்துக்கொள்ள ஃபிரிட்ஜ் கிடையாது. அன்றாடம் வாங்கி அன்றாடம் ஆக்குகிற ஜனம். ஒரு முருங்கைக்காயும் இரண்டு கத்திரிக்காயும் கேட்டால் எடைபோடுகிறவர் என்ன செய்வார்?

கன்னியம்மா ஒரு வழி செய்தாள். சந்தை திறப்பதற்கு முன் தன் கத்திரிக்காயை முருங்கைக்காரருக்குக் கொஞ்சம் கொடுத்து முருங்கை வாங்குவாள். தக்காளிக்காரரிடம் கீரை கொடுத்துத் தக்காளி வாங்குவாள். எல்லாவற்றையும் வாழை இலையில் கலந்து கூறு கட்டுவாள். குழம்புக் கூறு. ஒரு கூறு வாங்கினால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்பு. கட்டுவதற்கு முன்னால் கேட்பாள்: "இன்னிக்கு ஊட்ல எத்தினி பேரு?" மருமகன் வந்திருக்கிறார் என்றால் ஒரு முருங்கை கூடும். மாமியார் ஊருக்குப் போயிருந்தால் ஒரு கத்திரி குறையும். காசு ஒன்றுதான். வயிற்றை எடைபோட்டவள் அவள் ஒருத்திதான்.

இது சந்தை விதிக்கு ஒவ்வாது. சந்தை அலுவலர் நல்ல மனிதர். "கூறு கட்டாதம்மா, நீ விளைச்சத மட்டும் வில்லு" என்று சொல்லிக்கொண்டே நடந்து போவார். அவர் போகும்வரை இலையைப் பிரித்து வைப்பாள், போனதும் கட்டுவாள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். இப்படியாக ஒரு ஒப்பந்தம்.

உங்கள் அம்மாவை நான் அங்கேதான் பார்த்தேன். அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கிறவள். கம்பெனி வேன் சந்தை வாசலில்தான் நிற்கும். வேன் வருவதற்குள் கூறு வாங்கித் தன் தங்கையிடம் கொடுத்தனுப்பிவிட்டு ஏறுவாள். முதல்நாள் என் காதில் விழுந்த அவள் பேச்சு: "இன்னாக்கா, முருங்கக்கா என் சுண்டு வெரல் மாதிரி கீது?" கன்னியம்மா நிமிர்ந்து பார்த்து, "உன் சுண்டு வெரலு இவ்ளோ நீட்டா? வெட்டிப் போடு, நான் கூறுல வெச்சிக் கட்றேன்" என்றாள். நான் சிரித்தேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். காதல் என்றால் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும். எனக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

கூறு வந்ததும் கோதண்டத்தின் கடையில் ஆளில்லாமல் ஈதான் மொய்த்தது. முதலில் புகார் கொடுத்துப் பார்த்தார். அவள் விவசாயி இல்லை, வாங்கி விற்கிற வியாபாரி, அட்டையைப் பிடுங்கவேண்டும் என்று. அலுவலர் கத்திரித் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் புகார் இல்லை. கட்டைதான்.

முதல் அடி எனக்கு. குமணன்சாவடியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "அண்ணாத்தே, அந்தப் பொம்பள மூட்டைய எறக்கிடு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் ஒரு பெரிய வீரன்போல, "எறக்கலன்னா?" என்றேன். எறக்கலன்னா என்ன என்று அவன் வாயால் சொல்லவில்லை. கடை ஷட்டரை இழுக்கிற கம்பி, முனையில் கொக்கி இருக்குமே, அதைத் தட்டையாகப் பிடித்துக் காதோடு சேர்த்து வீசினான். வலி முதலில் தெரியவில்லை. சத்தம்தான் தெரிந்தது. கோயில் மணிக்குள் தலையை விட்டதுபோல். விழுந்தவன் விலாவில் இன்னொருவன் ஏறி மிதித்தான். கண்ணைத் திறந்தபோது கத்திரிக்காய் மூட்டை என் மேல் பிரிந்து கொட்டிக்கிடந்தது. முகமெல்லாம் காம்பு முள். காதுக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ இறங்கி வாயோரம் வந்தது. ருசித்துப் பார்த்தேன். ரத்தமும் கத்திரிக் காம்பும் கலந்த அந்த வாசனைதான் பெரியவளே, நீ கேட்டது.

கன்னியம்மா என்ன செய்தாள்? என்னை உட்காரவைத்து, முந்தானையால் காதை அடைத்து, "எயுந்திரு, வண்டிய எடு, சந்தை தொறந்துடும்" என்றாள். எடுத்தேன். மூன்று சக்கரமும் ஆறாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரம் சந்தைக்குள்ளேயே வந்தார்கள். காலை வெயில் தகரத்தைச் சுட ஆரம்பித்த நேரம். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. ஒரு லோடு வேன் வாசலில் நின்றது. இறங்கியவர்கள் கையில் கூரைக்கு அடிக்கிற ரீப்பர் கட்டை, ஒருவன் கையில் பூசணி அறுக்கிற நீளக் கத்தி. பேச்சே இல்லை. முதல் கூடையை உதைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு கூடையாக. தக்காளிக்காரர் தடுக்கப் போனார், கட்டை அவர் முழங்கையில் இறங்கியது, கை பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. முருங்கைக் கட்டுகளை மிதித்துக்கொண்டே போனார்கள். காலடியில் அது ஒடிகிற சத்தம் பட்டாசுக்கட்டு வெடிக்கிற மாதிரி இருந்தது. சனம் வாசலுக்கு ஓட, வாசலில் இவர்களே நிற்க, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி தராசுக் கம்பத்தில் மோதி நெற்றி பிளந்து உட்கார்ந்தாள்.

நீ என்னப்பா செய்தாய் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். காதில் கட்டோடு நின்றிருந்தேன். கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒருவன் மண்டையில் ஓங்கி அடித்தேன். புடலங்காய். புடலங்காய் உடைந்தது, அவன் உடையவில்லை. அவன் என்னை என் வண்டிக்குக் கீழே தள்ளி உதைத்துவிட்டுப் போனான். மிச்சத்தை நான் சக்கரத்துக்கு நடுவிலிருந்துதான் பார்த்தேன்.

வந்தவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். லோகு. எங்கள் குடியிருப்புப் பையன். கல்யாணம் காதுகுத்து என்றால் அவன்தான் பந்தி பரிமாறுவான். வேலை இல்லாமல் கோதண்டத்திடம் ஒட்டிக்கொண்டவன். அவன் அம்மா சரோஜாக்கா வீட்டு வேலைக்குப் போகிறவள், தினமும் கன்னியம்மாவிடம் கூறு வாங்குகிறவள். அந்த லோகுதான் கன்னியம்மா கடைக்கு வந்தான். கட்டிவைத்த கூறுகளை மிதித்தான். கன்னியம்மா ஒரு கூறின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். அவன் அந்தக் கையின்மேல் குதிகாலை வைத்துத் திருகினான். விரல்கள் ஒடிந்தது எனக்கு நல்ல காதில் கேட்டது. அவள் கத்தவில்லை. குனிந்து அவன் கெண்டைக்காலைக் கடித்தாள். கடித்த இடத்தை விடவே இல்லை. லோகுதான் கத்தினான். கத்திக்கொண்டே ரீப்பர் கட்டையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான், நேராக அவள் உச்சிமண்டைக்கு.

அவன் இறக்குவதற்குள், கூறு வாங்க வந்து நின்றிருந்த உங்கள் அம்மா கன்னியம்மாவின் தராசுத் தட்டிலிருந்து இரண்டு கிலோ இரும்புக் கல்லை எடுத்து வீசினாள். கையெட்டும் தூரத்திலிருந்து. அது அவன் தாடையில் பட்ட சத்தம் தேங்காய் உடைத்ததுபோல் இருந்தது. கட்டை பின்னால் விழுந்தது. அவன் மூட்டை சரிகிறமாதிரி உட்கார்ந்தான். வாயை மூட முடியவில்லை. தக்காளிச் சாறும் ரத்தமும் ஒன்றாகக் கிடந்த தரையில் அவன் பற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அதைப் பார்த்ததும் பெண்களுக்கு என்ன வந்ததோ, ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு தராசுத் தட்டு. வந்தவர்கள் வேனை நோக்கி ஓடினார்கள். பூசணிக் கத்தி வைத்திருந்தவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான்.

இதற்கப்புறம் உங்கள் அம்மா செய்ததுதான் வேடிக்கை. வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அந்த வேன் ஒரு நிமிடம் நிற்காது, விட்டால் அரை நாள் போச்சு. ஹாரன் கேட்டதும் கீழே கிடந்த கல்லை எடுத்தாள், டிபன் பையில் போட்டாள், வேனில் ஏறிப் போய்விட்டாள். எதற்கு எடுத்தாய் என்று நான் அப்புறம் ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். "ஹாரன் அட்ச்சிட்டான் இல்ல" என்பாள். அதுதான் பதில். அன்று முழுக்க ரத்தம் காய்ந்த எடைக்கல்லைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்குக் காலர் தைத்திருக்கிறாள்.

இங்கே கன்னியம்மா விரலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள், லோகு தாடையோடு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனான். சாயங்காலம் தராசுக் கணக்கில் ஒரு கல் குறைந்தது. கன்னியம்மா தராசில் இரண்டு கிலோ கல் இல்லை. அலுவலர் தலையில் கை வைத்துக்கொண்டார். கல் வராவிட்டால் தராசு இல்லை, விசாரணை முடியும்வரை அட்டையும் இல்லை. கல் வந்தால், எறிந்தவர் யார் என்று போலீஸ் கேட்கும். இதற்கு நடுவில் கோதண்டம் சரோஜாக்காவைப் போய்ப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கத் தான் பார்ப்பதாகவும், கன்னியம்மாதான் கல்லால் அடித்தாள் என்று மட்டும் அவள் சொன்னால் போதும் என்றும் பேச்சு. உங்கள் அம்மாவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தைக்கப் போகிற பெண்ணால் அவருக்கு என்ன நஷ்டம்? கன்னியம்மாவின் அட்டை போகவேண்டும், கூறு நிற்கவேண்டும். அந்தக் கூறுதான் அவளுக்குச் சோறு. அவளைவிட எங்கள் ஆயிரம் அடுப்புக்குச் சோறு.

மறுநாள் காலை தராசு ஜன்னல் முன் கூட்டம். ஏட்டு ஒருவர் வந்திருந்தார். கோதண்டம் வாசலில் பைக்கில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா வலது கையில் மாவுக்கட்டோடு முன்னால் போய் நின்றாள்.

"நாந்தான் சார் எறிஞ்சேன். கல்லு எங்க போச்சின்னு தெரில" என்றாள்.

ஏட்டு கட்டைப் பார்த்தார். "எந்தக் கையால எறிஞ்ச?"

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பீச்சாங்கையாலயா?" என்று ஏட்டு கேட்க, கூட்டத்தில் சிலபேர் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. உங்கள் அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள், டிபன் பையின் காது அறுந்துபோகிற அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு. வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போய் ஜன்னல் பலகையில் கல்லை எடுத்து வைத்தாள். டக்கென்று ஒரு சத்தம்.

"அந்தக்கா இல்ல சார். நானு."

அப்போதுதான் பின்னாலிருந்து சரோஜாக்கா வந்தாள். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்த புடவை, கண் வீங்கியிருந்தது. கூட்டம் வழிவிட்டது. நேராக உங்கள் அம்மா முன்னால் வந்து நின்றாள். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். உங்கள் அம்மா தலை ஒரு பக்கம் போய்த் திரும்பியது. மறு கன்னத்தில் இன்னொன்று. மூக்குத்தி குத்தி ரத்தம் வந்தது. உங்கள் அம்மா கையைத் தூக்கவில்லை, துடைக்கவும் இல்லை. மயிரைப் பிடித்துக் குனியவைத்து முதுகில் குத்தினாள் சரோஜாக்கா, மூச்சு வாங்கும்வரை குத்தினாள். யாரும் தடுக்கவில்லை. ஏட்டுகூட நகரவில்லை. அது முடியவேண்டிய அடி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூச்சு வாங்கியதும் சரோஜாக்கா தலைமுடியை முடிந்துகொண்டு ஏட்டுப் பக்கம் திரும்பினாள்.

"சார், எம் புள்ள தக்காளி மேல வயிக்கி உய்ந்துட்டான்."

"இன்னாம்மா சொல்ற? அப்ப இந்தப் பொண்ண எதுக்குப் போட்டு அடிச்ச?"

"அது எங்க ஊட்டு வெவகாரம்."

"கோதண்டம் வேற மாதிரி சொன்னாரே."

"அவுரு பாத்தாரா? உய்ந்தவன் எம் புள்ள. அவனால வாயத் தொறக்க முடில. அவனுக்குப் பதிலா நாந்தான் பேசணும். நான் பேசிட்டேன்."

வாசலில் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அலுவலர் கல்லை எடுத்தார், ஈரத்துணியால் துடைத்தார், மற்றக் கற்களோடு அடுக்கினார். "செட்டு சரியா இருக்கு" என்றார். தராசை எடுத்து ஜன்னல் வழியாகக் கன்னியம்மாவிடம் நீட்டினார். அவளால் ஒரு கையால் வாங்க முடியவில்லை. சரோஜாக்காதான் வாங்கிக் கொண்டுபோய் வைத்தாள்.

பிற்பாடு, எங்களுக்குக் கல்யாணம் ஆன பிறகு, ஒருநாள் நான் சரோஜாக்காவிடம் கேட்டேன், ஏன்க்கா அப்படிச் சொன்னே என்று. என்னை ஒரு முட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அவ ஜெயிலுக்குப் போனா எம் புள்ளைக்குப் பல்லு மொளச்சிடுமா? கன்னிம்மா போய்ட்டா மறுநாளு நான் இன்னாத்த ஆக்கறது? அந்தக் கோதண்டத்துக்கிட்ட அயுகின தக்காளிக்கு நிக்கச் சொல்றியா?" என்றாள். ஆஸ்பத்திரிச் செலவைக் கோதண்டம் தரவில்லை. குடியிருப்பில்தான் மாடி மாடியாக ஏறி வாங்கினோம். பையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினது உங்கள் அம்மா.

லோகுவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சரோஜாக்கா கூறு வாங்க வந்து உட்கார்ந்தாள். கன்னியம்மா ஒரு கையாலும் பல்லாலும் வாழைநாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு. ஒருத்தனுக்குப் பல்லு இல்ல."

கன்னியம்மா இலையில் வைத்த முருங்கைக்காயைத் திருப்பி எடுத்தாள். "பல்லில்லாதவனுக்கு முருங்கக்கா எதுக்கு? கீரையக் கடஞ்சி ஊத்து. இந்தா, பூசணிக்கா வெச்சிக்கோ, கொயஞ்சி போவும்." கட்டி நீட்டும்போது சொன்னாள், "கால்ல கட்ச்ச எடம் சீழ் கோத்துக்கினு கீதா பாரு. மஞ்சா வெக்கச் சொல்லு."

லோகுவின் தாடை கோணலாகவே நின்றுவிட்டது. எங்கள் கல்யாணத்தில் அவன்தான் பந்தி பரிமாறினான். "அண்ணி எலைல கல்லு ஏதாவது கீதா பாருங்கடா" என்று கோணவாயால் அவன் சொல்ல, பந்தியே சிரித்தது. அதற்குப் பிறகும் என் வண்டி டயர் நாலைந்து தடவை கிழிந்தது. ஆனால் சந்தைக்குள் கட்டையோடு யாரும் வரவில்லை.

பிள்ளைகளா, அடித்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்லவரவில்லை. என் காதைக் கேட்டுப் பாருங்கள், கன்னியம்மாவின் மடங்காத விரலைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல கத்திரிக்காய்க்கு எங்களிடம் இவ்வளவு கேட்டார்கள், நாங்களும் கொடுத்தோம், அதைத்தான் சொல்கிறேன்.

கட்டையால் முடியாததைக் காகிதம் செய்தது. ஏரிக்குக் கீழே நிலத்துக்காரர்கள் விற்கத் தொடங்கினார்கள். குத்தகைக்காரியிடம் யார் கேட்பார்கள்? கன்னியம்மாவின் கத்திரித் தோட்டத்தில் நீலத் தகரம் அடித்துப் பெரிய கிடங்கு எழும்பியது. தக்காளிக்காரர் நிலம் மனை மனையாகக் கல் நட்டுப் போனது. முதல் பேருந்தில் குமணன்சாவடியில் இறங்குகிற மூட்டைகள் குறைந்தன, பிறகு ஒருநாள் நான் காத்திருந்தேன், யாரும் இறங்கவில்லை. கொட்டகை கொஞ்சநாள் காலியாகக் கிடந்தது. இப்போது அங்கே இருசக்கர வண்டி நிறுத்துகிறார்கள். கன்னியம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் கிடங்கு வாசலில். தண்ணீர்க் கேன் இறக்கப் போயிருந்தேன். புடவைமேல் காக்கிச் சட்டை போட்டு அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடா மொறச்சிப் பாக்குற, கத்திரிக்கா பறிக்க வந்தியா?" என்றாள். அடுத்தமுறை போனபோது அவள் இல்லை. கேட்டேன், தெரியாது என்றார்கள்.

கோதண்டமும் இல்லை. அவரை வீழ்த்த எங்களுக்கு எவ்வளவு கல் வேண்டியிருந்தது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் குளிரூட்டிய பெரிய கடை வந்ததும் சத்தமில்லாமல் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெரிய கடைக்குக் குடியிருப்புச் சனம் போக, மேம்பாலம் ஏறி இறங்கவேண்டும். காய் அங்கே பாக்கெட்டில் இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் ஒரே காய்.

போன மாதம் சரோஜாக்கா இறந்த செய்தி கேட்டு நானும் அம்மாவும் குடியிருப்புக்குப் போனோம். நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். காரியம் முடிந்து வரும்போது மாடிப்படிக் கீழே ஒரு பெட்டிக்கடை. வாசலில் சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட், நூடுல்ஸ் பாக்கெட். இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண் நின்று வாங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மா அவளிடம் கேட்டாள், "காயெல்லாம் எங்கம்மா வாங்கறீங்க?"

"ஞாயித்துக்கெயம அவுரு போனா வாங்கியாருவாரு."

"மத்த நாளு?"

அந்தப் பெண் கையிலிருந்த நூடுல்ஸ் பாக்கெட்டைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். சண்டை எதுவும் இல்லை, சத்தம் இல்லை, தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது. இப்போது அங்கே கத்திரிக்காய்க்காக யாரும் யாரையும் அடிப்பதில்லை. அடித்துக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லை.